டிஜிட்டல் மயமானால் எரிசக்தி நிறுவனங்களின் லாபம் கூடி, உமிழ்வும் குறையுமா?

கேள்வி:
சென்சார், ஸ்மார்ட் மீட்டர், ஏஐ என்று இந்த நிறுவனங்கள் இவ்வளவு பணம் போடுகின்றனவே, சுற்றுச்சூழலுக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா, இல்லை ஆண்டறிக்கையில் எழுத மட்டும்தானா?

பதில் 1:
காற்றாலையில் பலன் தெளிவாகவே தெரிகிறது. உற்பத்தியை 36 மணி நேரம் முன்பே கணித்ததில் தங்கள் காற்றாலை மின்சாரத்தின் மதிப்பு சுமார் 20 சதவீதம் கூடியதாக 2019-இல் கூகுளும் அதன் ஏஐ ஆய்வு நிறுவனமான டீப்மைண்டும் சொன்னார்கள். நாளைக்கு இவ்வளவு தருவோம் என்று உறுதி சொல்ல முடிந்தால் நல்ல விலை கிடைக்கும், அப்புறம் காற்று நின்றுவிடுமோ என்று பயந்து அனல்மின் நிலையத்தைச் சும்மா ஓடவிடும் தேவையும் குறையும்.

பதில் 2:
எரிவாயுவில் இன்னும் நேரடி. எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கசிவைச் சென்சார் வைத்துப் பிடித்தால் அந்த வாயுவையே விற்கலாம். சரி, ஆனால் அதே தொழில்நுட்பம் எண்ணெய் எடுக்கும் செலவையும் குறைக்கிறது. ஒரு பீப்பாய்க்கான உமிழ்வு குறைந்து, பீப்பாய்களின் எண்ணிக்கை கூடினால் யாருக்கு லாபம்? மொத்த உமிழ்வைக் கேளுங்கள், விகிதத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்.

பதில் 3:
டிஜிட்டல் மயமானால் வரும் இணையப் பாதுகாப்புச் செலவையும் சேருங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன், ரான்சம்வேர் (கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்குதலால் குழாயையே பல நாள் நிறுத்த வேண்டி வந்தது.