தடை எந்தத் தேதியில் வருகிறது? ரஷ்யாவும் அண்டை நாடுகளும்

#1
ரஷ்ய வெளியுறவுக் கொள்கை என்று ஆரம்பித்தால் பேச்சு நேராக புதினின் உரைக்கும் நேட்டோவுக்கும் போய்விடுகிறது. பக்கத்து நாட்டு வியாபாரி கையில் முதலில் வந்து சேருவது உரை அல்ல, ஏதோ ஒரு துறையின் கடிதம். ஒயின், மினரல் வாட்டர், சாக்லேட் என்றால் நுகர்வோர் நலத்துறையான ரோஸ்போத்ரெப்நாட்ஸோர். பழம், காய்கறி, இறைச்சி என்றால் விவசாயக் கண்காணிப்புத் துறையான ரோஸ்ஸெல்கோஸ்நாட்ஸோர்.

கடிதம் வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். தடை ஓர் ஆலைக்கா, ஒரு லாட்டுக்கா, முழு நாட்டுக்கா? அதற்கு முன்னும் பின்னும் அரசியல் நாட்காட்டியில் என்ன இருக்கிறது? 2006 மார்ச்சில் ஜார்ஜியா, மால்டோவா இரண்டின் ஒயினும் ஒன்றாக நிறுத்தப்பட்டது. பூச்சிக்கொல்லியும் கன உலோகமும் இருப்பதாகக் காரணம். மே மாதம் ஜார்ஜியாவின் போர்ஜோமி மினரல் வாட்டரும் போனது. ரஷ்யச் சந்தையில் போலி ஜார்ஜிய ஒயின் ஏராளமாக ஓடியது உண்மைதான். ஆனால் போலியைப் பிடிக்க நாடு முழுவதையும் மூடத் தேவையில்லை.

மால்டோவா கதை இன்னும் வெளிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்பாட்டுக்கு முதல் கையெழுத்து வைக்கும் வில்னியஸ் மாநாடு 2013 நவம்பரில். ஒயின் தடை செப்டம்பரிலேயே வந்துவிட்டது. 2014 ஜூன் 27 அன்று உடன்பாடு கையெழுத்தானது. ஜூலையில் பழத்துக்குத் தடை. பிறகு மாஸ்கோவோடு ஒட்டி நின்ற ககவுசியா பகுதியின் சில ஒயின் ஆலைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. அந்த மண்ணில் மட்டும் கன உலோகம் கிடையாது போலும்!

#2
ஒயினை விடுங்கள், எரிவாயுவில் ரஷ்யா பக்கமும் நியாயம் உண்டு. 2005 வரை உக்ரைன் ஆயிரம் கனமீட்டருக்கு 50 டாலர்தான் கொடுத்தது. வெளிச்சந்தையில் பல மடங்கு விலை இருக்கும்போது அதே ரேட்டில் எவ்வளவு நாள் கொடுப்பது? ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 230 கேட்டது, 2006 ஜனவரி 1 அன்று அழுத்தத்தைக் குறைத்தது, நான்காம் நாள் இடைத்தரகு நிறுவனம் வழியாக 95 என்று முடிந்தது. பாக்கி வைக்கிறவனுக்கு வால்வை மூடுவது வியாபாரம்.

#3
வியாபாரம் என்றால் எல்லாருக்கும் ஒரே சூத்திரம் இருக்க வேண்டும். உக்ரைனும் ரஷ்யாவும் 2010 ஏப்ரலில் கார்கிவில் போட்ட ஒப்பந்தத்தை எடுங்கள். கிரிமியாவின் செவஸ்தபோலில் உள்ள ரஷ்யக் கடற்படைத் தளத்தின் குத்தகையை 2017-க்குப் பிறகு 25 வருஷம் நீட்டினால் எரிவாயுவில் 100 டாலர் வரை தள்ளுபடி. குத்தகையும் எரிவாயுவும் ஒரே பில்லில். அதன்பின் பெலாரஸ் 128 டாலர் சொச்சமும் ஆர்மீனியா 165 டாலரும் கொடுத்து வந்ததும் சந்தை விலையில் அல்ல.

மலிவு விலைக்கும் கைமாறு உண்டு. பெலாரஸ் தன் குழாய் நிறுவனமான பெல்ட்ரான்ஸ்காஸின் பாதியை 2007-ல் 2.5 பில்லியன் டாலருக்கும், மீதியை 2011-ல் அதே தொகைக்கும் காஸ்ப்ரோமிடம் விற்றது. கூட்டாளி என்பதால் தப்பிக்கவும் முடியாது. 2009 ஜூனில் பெலாரஸ் பால் பொருளுக்கே தடை வந்தது. பெலாரஸ் அதிபர் லுகாஷென்கோ கோபத்தில், ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்பு மாஸ்கோவில் நடத்திய மாநாட்டுக்கே போகவில்லை.

#4
'பழுதுபார்ப்பு' என்ற காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிதுவேனியாவின் மஜெய்க்கியாய் எண்ணெய் ஆலை ரஷ்ய நிறுவனத்துக்குப் போகாமல் போலந்தின் ஓர்லென் கைக்குப் போனது. 2006 ஜூலையில் ரஷ்ய எண்ணெய்க் குழாயான ட்ருஷ்பாவிலிருந்து அங்கே போகும் கிளை கசிவு என்று நின்றது. பழுது இன்றுவரை முடியவில்லை. ஆலை கடல்வழிக் கச்சா எண்ணெய்க்கு மாறியது.

அதே மாதம் காகசஸில் ரஷ்யா–ஜார்ஜியா எல்லையின் மேல்லார்ஸ் சோதனைச்சாவடியும் பழுதுபார்ப்பு என்று மூடி, 2010 மார்ச்சில்தான் திறந்தது. அடி வாங்கியது ஜார்ஜியா மட்டுமல்ல. ஆர்மீனிய லாரிகள் ரஷ்யா போக நடைமுறையில் அந்த மலைச்சாலையைத்தான் நம்பியிருந்தன. குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்தால் இன்றும் அங்கே லாரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். தக்காளி, ஆப்ரிகாட் மாதிரி சரக்குக்கு இரண்டு நாள் தாமதமே போதும்.

#5
எஸ்டோனியா பக்கம் எல்லாம் சின்னதாகத் தெரியும், ஆனால் எரிச்சல் அதிகம். எல்லை ஒப்பந்தம் 2005-ல் கையெழுத்தானது. எஸ்டோனிய நாடாளுமன்றம் முன்னுரையில், எஸ்டோனியாவைச் சுதந்திர நாடாக ரஷ்யா ஏற்ற 1920 தார்த்து உடன்படிக்கையைத் தொட்டதும் ரஷ்யா கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 2014-ல் மறுபடி கையெழுத்து, இன்னும் ஒப்புதல் இல்லை. அதனால் எல்லையான நார்வா ஆற்றில் கப்பல் பாதையைக் காட்டும் மிதவை எங்கே நிற்க வேண்டும் என்பதே தகராறு ஆனது. 2024 மே மாதம் எஸ்டோனியா முதல் கட்டமாகப் போட்ட 50 மிதவைகளில் 24-ஐ ரஷ்யக் காவலர்கள் இரவோடு இரவாக எடுத்துப் போனார்கள்.

சாத்செ பக்கம் எஸ்டோனியச் சாலை ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ரஷ்ய மண்ணில் போகிறது. விசா வேண்டாம், ஆனால் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கி நடக்கவும் கூடாது என்பது விதியாக இருந்தது. 2025 அக்டோபரில் ஆயுதத்தோடு ஆட்கள் நிற்கிறார்கள் என்று எஸ்டோனியாவே அதை மூடியது.

#6
#2 நண்பருக்கு: வியாபாரம் என்றே வைத்தாலும், இந்த அழுத்தம் பலிக்கிறதா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பதில் இருக்கிறது. தடைக்கு முன் ஜார்ஜிய ஒயினுக்குப் பெரிய வாடிக்கையாளர் ரஷ்யா. தடை காலத்தில் ஆலைகள் தரத்தை உயர்த்தி வேறு சந்தை தேடின. 2013-ல் தடை நீங்கியதும், ஆலை ஆலையாகச் சோதித்து அனுமதி தந்தார்கள். இப்போது ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மறுபடி ரஷ்யாவுக்கே போகிறது. தூண்டிலைத் தெரிந்தே கடிக்கிறார்கள், ஏனென்றால் அந்த விலைக்கு அந்த அளவு வாங்க வேறு ஆள் இல்லை.

கஜகஸ்தானுக்கு மாற்று வழியே குறைவு. எண்ணெய் ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ரஷ்யாவின் நோவோரோசீஸ்க் அருகே கடலுக்கு வரும் சிபிசி (காஸ்பியன் குழாய்க் கூட்டமைப்பு) குழாயில்தான் போகிறது. 2022 ஜூனில் பீட்டர்ஸ்பர்க் மேடையில் புதின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, உக்ரைனிலிருந்து பிரிந்த நாடுகளாக ரஷ்யா ஏற்ற டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளை அங்கீகரிக்க மாட்டோம் என்றார் கஜகஸ்தான் அதிபர் டோகாயெவ். ஜூலை தொடக்கத்தில் ரஷ்ய நீதிமன்றம், எண்ணெய்க் கசிவுத் தடுப்புத் திட்ட ஆவணத்தில் குறை என்று சொல்லி அந்தக் குழாயை 30 நாள் நிறுத்த உத்தரவிட்டது. சில நாளில் அது 2 லட்சம் ரூபிள் அபராதமாகச் சுருங்கியது. உலக எண்ணெய்ச் சந்தையைத் தொடும் குழாய்க்கு அந்தத் தொகை சில்லறைக் காசு.

#7
அழுத்தம் தன் ஆட்களையே அடித்ததற்கு, மால்டோவாவிலிருந்து பிரிந்து ரஷ்ய ஆதரவோடு நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவைப் பாருங்கள். 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழி எரிவாயு நின்றது. துருக்கி வழிக் குழாய் இருந்தும், மால்டோவா 709 மில்லியன் டாலர் பாக்கி வைத்திருக்கிறது என்று காஸ்ப்ரோம் அனுப்பவில்லை. மால்டோவாவின் தலைநகர் சிசினாவ் தப்பித்தது: ருமேனியாவிலிருந்து யாஷ்–உங்கேனி குழாய் 2014-லேயே திறந்து, 2020-ல் தலைநகர் வரை நீண்டிருந்தது, மின்சாரமும் ருமேனியாவிலிருந்து வந்தது. ரஷ்யப் படை நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியத் தலைநகர் டிராஸ்போலில்தான் வெப்பமும் வெந்நீரும் போய், குச்சுர்கான் மின்நிலையம் நிலக்கரிக்கு மாறி, வீடுகளுக்கு முறை வைத்து மின்வெட்டு வந்தது.