அமெரிக்க மிட்டெர்ம்: இழுபறித் தொகுதிகளில் ஜெயிப்பது ஆளா, கட்சியா?

வைகைக்கரையான்:
2022 நவம்பர் 8 மிட்டெர்மில், அதாவது அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தலில், ஜார்ஜியாவில் நடந்தது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. ஆளுநர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் ஏழரை சதவீத வித்தியாசத்தில் ஸ்டேசி ஆப்ரம்ஸைத் தோற்கடிக்கிறார். அதே சீட்டில், அதே கட்சி சார்பில் நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு நின்ற ஹெர்ஷல் வாக்கர், ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக்கிடம் பின்தங்குகிறார். நம் ஊரில் சட்டமன்றத்துக்கு ஒரு கட்சி, நாடாளுமன்றத்துக்கு வேறு கட்சி என்று மாற்றிப் போடுபவர்கள் உண்டு. ஆனால் அதற்கு நடுவில் இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும். இங்கே சீட்டில் இரண்டு வரி தள்ளி மனம் மாறுகிறது. அப்படியானால் அங்கே ஆளைப் பார்த்துத்தான் போடுகிறார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீச்ட்ரீ பாலா:
நான் அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறேன், அந்தத் தேர்தலில் ஓட்டும் போட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். ஆளைப் பார்த்துத்தான் போட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எண்ணைப் பாருங்கள். கெம்புக்குச் சுமார் 21.1 லட்சம் வாக்குகள், வாக்கருக்கு 19.1 லட்சம். இரண்டு லட்சம் பேர் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். மறுபக்கம், ஆப்ரம்ஸை விட வார்னாக் சுமார் 1.3 லட்சம் கூடுதலாக வாங்கினார். மிச்சத்தில் கணிசமானது மூன்றாவது கட்சியான லிபர்டேரியன் வேட்பாளருக்குப் போனது. கெம்ப் 2020 அதிபர் தேர்தல் முடிவை மாற்ற மறுத்தவர். அதற்காக டிரம்ப் அவருக்கு எதிராக முன்னாள் செனட்டர் டேவிட் பெர்டூவை பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், இறக்கினார். கெம்ப் 50 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் அவரை ஓரங்கட்டினார். வாக்கர் பழைய அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம், அரசியல் அனுபவம் இல்லை, வாரத்துக்கு ஒரு சர்ச்சை. எங்கள் பக்கத்துப் புறநகரில் வரி குறைய வேண்டும், பள்ளிக்கூடம் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற குடியரசுக் கட்சிக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு கெம்ப் சரி, வாக்கர் சரிப்படவில்லை. கதை அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
பாலா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 39 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் இரண்டு லட்சம் என்பது ஐந்து சதவீதம். மீதி 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு பக்கத்தில் உறுதியாகத்தானே நின்றார்கள்? ஜார்ஜியா சமநிலையில் இருப்பதால் அந்த ஐந்து சதவீதம் கண்ணுக்குத் தெரிகிறது. குடியரசுக் கட்சியின் கோட்டையான அலபாமாவில் இதே ஐந்து சதவீதம் இடம் மாறியிருந்தால் யாரும் செய்தியாகக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் வரலாறு. அதிபரின் கட்சி மிட்டெர்மில் அடி வாங்குவது வாடிக்கை. கீழவையான பிரதிநிதிகள் சபையில் 1994-இல் ஜனநாயகக் கட்சி 54 இடங்களை இழந்தது, 2010-இல் 63. 2018-இல் குடியரசுக் கட்சி சுமார் 40. அந்த வருடங்களில் மட்டும் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் மொத்தமாக மோசமாகிப் போனார்களா? இரண்டு வருடம் ஆட்சியைப் பார்த்த எரிச்சலில் வந்த ஓட்டு அது. வேட்பாளர் பெயர் கடைசிப் பக்கத்துச் சேதி.

விஸ்கான்சினைப் பாருங்கள். குடியரசுக் கட்சி செனட்டர் ரான் ஜான்சனை எளிதில் வீழ்த்தலாம் என்று ஜனநாயகக் கட்சி ரொம்ப நம்பியது. அவர் 2022-இல் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவனை நல்ல வேட்பாளர் என்றும் தோற்றவனை மோசமான வேட்பாளர் என்றும் எண்ணி முடித்த பிறகு யாரும் சொல்லலாம்.

பீச்ட்ரீ பாலா:
விஸ்கான்சினை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. ஜான்சன் சுமார் 27 ஆயிரம் வாக்கில் ஜெயித்த அதே நாளில், ஜனநாயகக் கட்சி ஆளுநர் டோனி எவர்ஸ் 90 ஆயிரம் வாக்கில் ஜெயித்தார். அதுவும் ஒரே சீட்டுதான். முடிந்த பிறகு சொல்வது என்கிறீர்களே, அப்போதைய செனட் குடியரசுக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல் தேர்தலுக்கு முன்பே, ஆகஸ்ட் மாதமே, வேட்பாளர் தரம் முடிவைப் பாதிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னாரே? தன் கட்சி ஆட்களைப் பற்றித்தான் சொன்னார்.

பாலைவனத் தென்றல்:
இரண்டு பேரும் எங்கள் நெவாடாவை மறந்துவிட்டீர்கள். 2022-இல் இங்கே ஜார்ஜியாவுக்குத் தலைகீழ். ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் சிசொலாக் தோற்றார். அதே கட்சியின் செனட்டர் கேத்தரின் கார்டெஸ் மாஸ்டோ சுமார் 8 ஆயிரம் வாக்கில் தப்பித்தார்.

கொரோனாவில் சூதாட்ட விடுதிகளை மூடியபோது லாஸ் வேகாஸில் வேலை போகாத வீடு குறைவு. அந்தக் கோபம் ஆளுநர் மேல்தான் விழுந்தது, செனட்டர் மேல் இல்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று மக்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்.

வைகைக்கரையான் அண்ணே, உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. நம் நோட்டாவுக்கு மூத்த அக்கா இங்கேதான் இருக்கிறாள். 1970-களிலிருந்தே நெவாடா சீட்டில் "இந்த வேட்பாளர்களில் எவரும் இல்லை" என்று ஒரு வரி உண்டு. அந்த செனட் தேர்தலில் அதற்கு விழுந்தது சுமார் 12 ஆயிரம். வெற்றி வித்தியாசத்தை விட அதிகம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் மனதை அடக்கிக்கொண்டு எதிரில் நின்ற குடியரசுக் கட்சியின் ஆடம் லாக்ஸால்ட்டுக்குப் போட்டிருந்தால் செனட்டர் வேறு ஆள்.

கணக்குப்பிள்ளை:
தென்றல், நெவாடாவில் சமையல் தொழிலாளர் சங்கம் வீடு வீடாகக் கதவைத் தட்டியதைச் சொல்லவில்லையே. அந்த 8 ஆயிரம் வாக்கு எங்கிருந்து வந்தது? மனம் மாறியவர்களிடமிருந்தா, வீட்டில் படுத்திருந்தவர்களை எழுப்பிக் கூட்டிவந்ததிலிருந்தா? மிட்டெர்மில் பாதிப் பேர் ஓட்டுப் போட வருவதே இல்லை. 2014-இல் தகுதியுள்ளவர்களில் 36, 37 சதவீதம்தான் வந்தார்கள். 2018-இல் ஐம்பதைத் தொட்டது, அதுவே நூறு வருடத்தில் பெரிய சாதனை. யார் வருகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது.

பாலைவனத் தென்றல்:
சங்கம் கூட்டிவந்த ஆள் சீட்டில் செனட்டருக்குப் போட்டுவிட்டு ஆளுநரை விட்டுவிட்டானா? இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கதவைத் தட்டினார்கள். வந்த கூட்டம் ஒன்றுதான், முடிவு இரண்டு. அந்த வித்தியாசத்தை வருகைக் கணக்கை வைத்து விளக்க முடியாது சார்.

வைகைக்கரையான்:
நடுவில் ஒரு சந்தேகம். வார்னாக் முன்னிலையில் இருந்தும் டிசம்பரில் எதற்கு மறுபடி தேர்தல் வைத்தார்கள்? நம் ஊரில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினால் போதுமே.

பீச்ட்ரீ பாலா:
ஜார்ஜியா சட்டப்படி பாதிக்கு மேல் வாங்க வேண்டும். வார்னாக் 49.4, வாக்கர் 48.5, லிபர்டேரியன் சுமார் 2 சதவீதம். யாரும் ஐம்பதைத் தாண்டாததால் டிசம்பர் 6-இல் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று.

இதுதான் என் வாதத்துக்கு நல்ல சோதனை. அதற்குள் நெவாடா முடிவு வந்து, செனட் ஜனநாயகக் கட்சி வசமே இருப்பது உறுதியாகிவிட்டது. "ஆள் எப்படி இருந்தால் என்ன, செனட் நம் கையில் இருக்க வேண்டும்" என்று வாக்கருக்குப் போட்டவர்களுக்கு அந்தக் காரணமும் போய்விட்டது. கெம்பே வாக்கருக்காகப் பிரசாரம் செய்தார். என்ன ஆனது? நவம்பரில் சுமார் 38 ஆயிரமாக இருந்த வார்னாக்கின் முன்னிலை ஒரு லட்சத்தை ஒட்டிப் போனது.

கணக்குப்பிள்ளை:
டிசம்பரில் சுமார் 4 லட்சம் பேர் குறைவாக வந்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். கெம்ப் பெயர் சீட்டில் இல்லை, அவருக்காக வந்தவர்கள் வரவில்லை. உங்கள் சோதனையிலேயே என் விடையும் இருக்கிறது.

சரி, உங்கள் "ஆளைப் பார்த்து" கொள்கைக்கு ஒரு கேள்வி. நியூயார்க் 3-ஆம் தொகுதி, லாங் ஐலண்ட் பக்கம். 2020-இல் பைடன் நன்றாகவே முன்னிலை பெற்ற பகுதி. 2022-இல் அங்கே குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் சாண்டோஸ் ஏழு சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். தேர்தல் முடிந்த பிறகுதான் தெரிகிறது, அவர் சொன்ன படிப்பு பொய், வேலை பொய். 2023 டிசம்பரில் சபையே அவரை வெளியேற்றியது. மக்கள் எந்த ஆளைப் பார்த்துப் போட்டார்கள்? அப்படி ஓர் ஆளே இல்லையே!

லாங் ஐலண்ட் முழுக்கவே அந்த வருடம் குற்றங்கள் பற்றிய பயத்தில் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. அலையில் சாண்டோஸும் மிதந்தார். ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் குழுத் தலைவர் ஷான் பேட்ரிக் மலோனியே பக்கத்தில் 17-ஆம் தொகுதியில் தோற்றார். அவருக்குப் பணமில்லையா, அனுபவமில்லையா?

பனிக்காட்டான்:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மிச்சிகனிலிருந்து ஒரு விஷயம். நவம்பரில் ஆளா கட்சியா என்று அடித்துக்கொள்கிறீர்கள், ஆகஸ்டில் பிரைமரியில் நடப்பதை யாரும் பேசவில்லை.

கிராண்ட் ராபிட்ஸ் தொகுதி, மிச்சிகன் 3. குடியரசுக் கட்சியின் பீட்டர் மெய்யர் 2021-இல் டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை ஆதரித்தவர். 2022 பிரைமரியில் அவரை எதிர்த்து டிரம்ப் ஆதரவாளர் ஜான் கிப்ஸ். கடைசி நேரத்தில் கிப்ஸை டிரம்புக்கு நெருக்கமானவர் என்று காட்டும் விளம்பரத்துக்கு நான்கு லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்தது யார்? ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு! எதிரி முகாமில் தோற்கடிக்க எளிதான ஆளை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். மெய்யர் பிரைமரியில் போனார், நவம்பரில் கிப்ஸ் போனார். ஹிலாரி ஷோல்டன் ஜெயித்தார். இதே ஷோல்டன் 2020-இல் மெய்யரிடம் தோற்றவர்.

அந்தத் தீர்மானத்தை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். அடுத்த சபைக்குத் திரும்பியது டேவிட் வலடேயோ, டான் நியூஹவுஸ் இருவர் மட்டும். இருவரின் மாநிலங்களும் (கலிபோர்னியா, வாஷிங்டன்) கட்சிவாரி பிரைமரி இல்லாதவை. எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே பட்டியலில் நின்று, முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள்.

கணக்குப்பிள்ளை:
பனிக்காட்டான், ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2020-க்கும் 2022-க்கும் நடுவில் சுயாதீன ஆணையம் அந்தத் தொகுதியின் எல்லையையே மாற்றி வரைந்தது. புதிய எல்லை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகம். மெய்யர் நின்றிருந்தாலும் திணறியிருப்பார்.

எல்லைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கட்சி லாபத்துக்காக எல்லை வரைவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025-இல் டெக்சஸ் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டப் புதிய வரைபடம் போட்டது. கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டப் பதில் வரைபடம் போட்டது. இந்தப் பத்து இடங்களில் வேட்பாளர் பெயர் தெரிவதற்கு முன்பே கணக்கை எழுதிவிட்டார்கள்.

பீச்ட்ரீ பாலா:
எழுதிய கணக்கு அப்படியே நடக்கும் என்று யார் சொன்னது? கொலராடோ 3. டிரம்ப் எட்டு சதவீதம் முன்னிலை பெற்ற பகுதி, பெரும்பாலான கணிப்பாளர்கள் இழுபறிப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 2022-இல் குடியரசுக் கட்சியின் லாரன் போபர்ட் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 546 வாக்கில் தப்பித்தார். எதிரில் நின்றவர் ஆடம் ஃபிரிஷ், ஆஸ்பென் நகரசபையின் முன்னாள் உறுப்பினர். அடுத்த முறை போபர்ட் பாதுகாப்பான வேறு தொகுதிக்கு மாறிவிட்டார். 3-ஆம் தொகுதியில் அதே கட்சியின் ஜெஃப் ஹர்ட் நின்று ஐந்து சதவீத வித்தியாசத்தில் வென்றார். ஆள் மாறியதும் எண்ணும் மாறியது.

டெக்சஸ் வரைபடமும் அப்படித்தான். தெற்கு டெக்சஸில் 2024-இல் டிரம்புக்கு வந்த லத்தீன் வாக்குகள் கட்சிக்கும் வரும் என்ற நம்பிக்கையில் வரைந்தது. ஆனால் 2024-லேயே டிரம்ப் முந்திய இரண்டு தொகுதிகளில் ஹென்றி குவேயரும் விசென்டே கொன்சாலெஸும் ஜனநாயகக் கட்சி சார்பில் ஜெயித்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பட்டியல் என்னிடமும் இருக்கிறது. 2024-இல் டிரம்ப் வென்ற 13 தொகுதிகளில் ஜனநாயகக் கட்சி, ஹாரிஸ் வென்ற 3 தொகுதிகளில் குடியரசுக் கட்சி. மொத்தம் 435-இல் 16. மீதி 419 இடத்தில் அதிபருக்கு எந்தக் கட்சியோ பிரதிநிதிக்கும் அதே கட்சி. இதை வைத்து அமெரிக்கர்கள் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்றால் எப்படி?

பீச்ட்ரீ பாலா:
2024-இல் தேர்வான அந்தச் சபையின் கணக்கு குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. பெரும்பான்மைக்கு 218 வேண்டும். மூன்று இடம் சாய்ந்தால் ஆட்சிப் பக்கம் மாறும் சபையில் 16 உங்களுக்குச் சின்ன எண்ணாகத் தெரிகிறதா? சபாநாயகர் மைக் ஜான்சனிடம் கேட்டுப் பாருங்கள்.

வைகைக்கரையான்:
நான் கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது நாலு மாநிலம். 2026 நவம்பர் 3 தேர்தலில் எதைப் பார்த்தால் உங்களில் யார் சொன்னது நடக்கிறது என்று எனக்குப் புரியும்?

பீச்ட்ரீ பாலா:
ஜார்ஜியாவையே பாருங்கள். ஜான் ஆசாஃபின் செனட் இடமும் ஆளுநர் பதவியும் ஒரே சீட்டில். கெம்ப் இரண்டு முறை முடித்துவிட்டதால் அவர் பெயர் இருக்காது. இரவு 7 மணிக்கு வாக்குப்பதிவு முடியும், மதுரையில் மறுநாள் காலை ஐந்தரை. அட்லாண்டா புறநகரின் காப், குவின்னெட், ஃபோர்சைத் கவுன்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) இரண்டு பதவிக்கும் விழுந்த வாக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அதோடு மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். பாலா அதை மறந்துவிடுவார்.

பாலைவனத் தென்றல்:
எங்கள் ஊர் முடிவுக்குக் காலை ஐந்தரைக்கு எழ வேண்டாம் அண்ணே. 2022-இல் செவ்வாய்க்கிழமை போட்ட ஓட்டுக்கு செனட்டர் யார் என்று தெரிய சனிக்கிழமை இரவு ஆனது.