ஃப்ரீபிஎஸ்டி 14-ல் எஸ்விஎன்லைட் இல்லை. சோர்ஸை எதை வைத்து அப்டேட் செய்வது?

கேள்வி:
வணக்கம். ஃப்ரீபிஎஸ்டி (யூனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓடும் வீட்டு சர்வரை 12.4-லிருந்து 14-க்கு ஏற்றினேன். வேண்டாத டிரைவர்களை எடுத்துவிட்டு கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) சோர்ஸிலிருந்து நானே கம்பைல் செய்வது வழக்கம். இப்போது சோர்ஸை இறக்கித் தந்த எஸ்விஎன்லைட் (சப்வெர்ஷன் கருவியின் சின்ன வடிவம்) கட்டளையையே காணோம். கிட், கிட்அப் இரண்டில் எதைப் பிடிப்பது? மெமரி 4 ஜிபி, டிஸ்கில் 40 ஜிபி காலி.

பதில் 1:
14-ல் அதை எடுத்துவிட்டார்கள். சப்வெர்ஷனைத் தனியாக நிறுவியும் பயனில்லை, 13-லிருந்து எல்லாக் கிளைகளும் (தனித்தனிப் பதிப்பு வரிசைகள்) கிட்டில்தான். கிட்அப் போடுங்கள். சி-யில் எழுதிய சின்ன புரோகிராம், கூடவே வேறெதையும் இழுத்து வராது.

பதில் 2:
சிவிஎஸ்அப் (பழைய சோர்ஸ் அப்டேட் கருவி) காலத்து ஆள் நான். அதைக் கம்பைல் செய்யவே மாடுலா-3 மொழி வேண்டும். பிறகு சி-யில் சிஎஸ்அப் வந்தது, 2008-ல் சப்வெர்ஷன், 2020 டிசம்பரில் கிட். எந்தக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: கெர்னல் பூட் ஆகாமல் நின்றால், எந்த கமிட் (சோர்ஸில் பதிந்த மாற்றம்) கெடுத்தது என்று தேட முடியுமா? கிட்அப்பில் முடியாது, அது பழைய வரலாற்றை வைத்துக்கொள்வதில்லை. ஆகவே என் ஓட்டு கிட்டுக்கே. கிட்-லைட் பேக்கேஜ் போதும். 'டெப்த் 1' (வரலாறு இல்லாமல் கடைசி நிலையை மட்டும் இறக்கும் ஆப்ஷன்) வேண்டாம், இடம்தான் இருக்கிறதே, முழுசாக இறக்குங்கள்.

குளோன் செய்யும்போது (கிட்டில் சோர்ஸை முதல்முறை பிரதி எடுக்கும்போது) உங்கள் ரிலீஸுக்கான ரெலெங் கிளையைக் குறிப்பிட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் மெயின் கிளை, அதாவது கரண்ட் (இன்னும் உருவாகிவரும் பதிப்பு), வந்து உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, இது முக்கியம். யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி-யில் (சோர்ஸ் இருக்கும் அடைவு) பழைய கோப்புகள் கிடந்தால் குளோன் மறுக்கும். உடனே அழித்துவிடாதீர்கள், பெயர் மாற்றி ஒதுக்கி வையுங்கள். உங்கள் கெர்னல் கான்ஃபிக் (எந்த டிரைவர்கள் வேண்டும் என்று எழுதிய கோப்பு) அதற்குள்தான் இருக்கும். ஆறு வருடம் பார்த்துப் பார்த்துத் திருத்திய கான்ஃபிக்கை நான் அப்படித்தான் தொலைத்தேன். அன்றிலிருந்து அதை ரூட்டின் ஹோமில் வைத்து, இங்கே சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) மட்டும் போடுகிறேன்.

கேட்டவர்:
நல்லவேளை சொன்னீர்கள் சார், அழிக்கத்தான் இருந்தேன். கான்ஃபிக்கை எடுத்து வைத்துவிட்டேன், குளோன் ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டும் (தயாரான பேட்ச்களை இறக்கும் கட்டளை) இதே அடைவைத் தொடுமா?

பதில் 2:
தொடும். அதன் கான்ஃப் கோப்பில் 'காம்போனன்ட்ஸ்' வரியில் 'எஸ்ஆர்சி' இருந்தால் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஒட்டும் பேட்ச்களை நீங்கள் திருத்தியவை என்று கிட் எண்ணிக்கொள்ளும், அடுத்த புல் (புதிய மாற்றங்களை இறக்குவது) பாதியில் நிற்கும். பில்ட்வேர்ல்டுக்கு (கெர்னல் தவிர்த்த சிஸ்டத்தைக் கம்பைல் செய்வது) முன், சோர்ஸோடு வரும் அப்டேட்டிங் கோப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.