கோட்டையில் இரவு றேஸ் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
2024இல் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார் ஓட விட்டபோது, தெற்காசியாவிலேயே இதுதான் முதல் என்று எழுதினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கொழும்புக் கோட்டையில் அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முந்தியே நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். சரி, அதை விடுங்கள்.

அப்பாவும் நானும் இரட்டைக் கோபுரம் தெரிகிற ஒரு வளைவில் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பெரிய கார்கள் ஓடி முடிந்து ஃபோர்ட் லேசர், மாஸ்டா கார்களின் வகுப்பு வந்தது. அதில் ஒரு லேசர் எங்கள் வீட்டுக் காரேதான். அதே மொடல், அதே வெளிறிய நீலம். வளைவில் திரும்பும்போது அதன் உட்பக்கப் பின்சில்லு தரையை விட்டு ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஐம்பதுக்கு மேல் போனால் எஞ்சின் தாங்காது என்று எங்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிவந்த மனிதர். அன்று வீட்டுக்குத் திரும்பும்போதும் ஐம்பதுதான்.

இரவு டியூட்டி:
நான் டிக்கெட் எடுத்துப் போகவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தால் பாதை பூட்டு, முடியும் வரை நில் என்றார்கள். இரண்டு ஓட்டத்துக்கு இடையில், எங்கள் கட்டட வாசலில் தினமும் படுக்கிற பழுப்பு நாய் நடு றோட்டில் வெள்ளைக் கோட்டின் மேல் வந்து படுத்துக்கொண்டது. வேறு நாளில் அந்த நேரத்தில் அங்கே ஒரு வாகனமும் வராது, அதற்கு என்ன தெரியும்? கொடி பிடிக்கிற பொடியன் ஓடிப்போய் மஞ்சள் கொடியால் விசிறினான். நாய் எழும்பிக் கொடியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. இருவரும் இழுபறிப்பட, அந்தப் பக்கம் எஞ்சின்களை முறுக்குகிறார்கள். கடைசியில் கொடியோடேயே நாயை இழுத்துக்கொண்டு போனான்.

சிரிக்காதீர்கள். 2016இல் சிங்கப்பூர் எஃப் 1 கார்ப் போட்டியின் பயிற்சி ஓட்டத்தின்போது கபரகொய்யா மாதிரி ஒன்று குறுக்கே வந்தது. ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் றேடியோவில் பெரிய பல்லி என்று சொன்னார். பேர வாவிப் பக்கத்தில் ஓடவிட்டால் இங்கே சுற்றுக்கு ஒன்று வரும்.

கொம்பனித்தெரு அக்கா:
கொட்டாஞ்சேனைத் தம்பி, "எல்லாருக்கும் தெரியும்" என்கிறீர்கள். தெரிந்த எல்லாரும் விரும்பித் தெரிந்துகொள்ளவில்லை. அப்போது அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து கண் காட்ட எங்களிடம் வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் அந்த இரைச்சல் ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று இறங்கியது. திரும்பிப் பார்த்தால் கதிரையில் ஆள் இல்லை. மேசைக்குக் கீழே குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்கிறார். குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தால் வாயைத் திற என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். "றேஸ் அம்மம்மா, கார்" என்று நான் சொல்லச் சொல்ல, லைட்டை நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினார். நிற்பாட்டினேன். புட்டு ஆறிப்போனது.

மோட்டார் பிரியன்:
நானும் போனேன், நல்ல கூட்டம், காற்சட்டைப் பையில் இருந்த போன் தொலைந்தது.

அக்கா, அடுத்த முறை காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். நுரைப்பஞ்சில் வருவது நல்லது, உருட்டிச் செருகிக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு: உண்மையான இரவு றேஸ் பார்க்க ஆசை என்றால் காசு சேர்த்துச் சிங்கப்பூர் போங்கள். எஃப் 1இல் முதல் இரவுப் போட்டி 2008இல் அங்கேதான். அதில் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே 17ஆம் வளைவுச் சுவரில் மோதி, தன் அணியின் மற்ற ஓட்டுநர் அலோன்சோவை வெல்ல வைத்த கதை அடுத்த வருடம் வெளியே வந்தது. 2023இல் இருந்து 23 வளைவை 19 ஆக்கிவிட்டார்கள், பழைய படத்தைப் பார்த்து இருக்கை பதிய வேண்டாம். போக வசதியில்லாவிட்டால் வீட்டில் பாருங்கள். அங்கே இரவு 8 மணி, எங்களுக்குப் பின்னேரம் 5.30. புழுக்கத்தில் ஓட்டுநர்களுக்கு 3 கிலோ வரை நிறை குறைகிறது, அதனால் கொழும்பிலும் வெயில் இறங்கியபின் நடத்துவதுதான் சரி. மேன்ஹோல் மூடிகளையும் இறுக்கிப் பூட்ட வேண்டும். தாழ்ந்த காரின் அடிப்பக்கம் காற்றை உறிஞ்சி மூடியைத் தூக்கும். 2023 லாஸ் வேகாஸில் சைன்ஸின் பெராரிக்கு நடந்தது அதுதான். இங்கே எத்தனை மூடி ஒழுங்காக இருக்கிறது என்று ஓட்டோக்காரரிடம் கேளுங்கள்.

கொம்பனித்தெரு அக்கா:
அம்மம்மா இப்போது இல்லை தம்பி. பஞ்சு வேண்டாம்.

இரவு டியூட்டி:
பிரியன், கேட்டது அனுபவம். உங்கள் அனுபவம் ஒரு வரி, மீதி வகுப்பு.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அக்கா, அந்தச் சத்தத்தை நான் அப்படி நினைத்துப் பார்க்கவே இல்லை. மன்னியுங்கள்.

லேசர் என்ன ஆனது என்று தனியாகக் கேட்ட அண்ணைக்கு: பிறகு விற்றுவிட்டோம். வாங்க வந்தவர் பொனட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இது றேஸ் ஓடின வாகனமா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். "ஓம்" என்றார். அதற்காகவே விலையில் ஐயாயிரம் குறைத்தார்கள்.