புதுப்பிப்பு: வேலூர் மாடி வீடு, மூன்று நாள் விருந்தினர்களைத் திரும்பி வரவைப்பது எப்படி?

போன வருடம் கேட்டிருந்தேன்: சிஎம்சி மருத்துவமனை பக்கம் மாடியில் இரண்டு அறை, தங்குமிடம் பதியும் செயலி வழியாக மூன்று நாள், நான்கு நாள் ஆட்கள்தான் வருகிறார்கள், கமிஷன் போக மிஞ்சுவதில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சலுகை விலை அட்டை அச்சடித்தேன். ஒருவர்கூட அதைக் காட்டி வரவில்லை. பலித்தது, "அடுப்பு வையுங்கள், வாரக் கணக்கில் வாடகை சொல்லுங்கள்" என்ற யோசனை. வருபவர்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள். ஓட்டல் சாப்பாடு நாலாம் நாளே அலுத்துவிடும். இரட்டை அடுப்பு, மீன் பொரிக்க ஒரு கனமான வாணலி, ஒரு பாட்டில் கடுகெண்ணெய், அவ்வளவுதான் செலவு. மறுபரிசோதனைக்கு மூன்று மாதம் கழித்து வருகிறவர்கள் இப்போது டிக்கெட் போட்டதுமே எனக்கு வாட்ஸப் செய்கிறார்கள். செயலியில் ஏற்கெனவே பதிந்தவர்களை மட்டும் வெளியே இழுக்காதீர்கள், அது செயலியின் விதிமீறல்.

எதிர்பாராதது: ஓர் அறையை ஒரு நர்ஸ் நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டார். முதலில் தங்க வந்தது அவருடைய அம்மா! பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டப்படி அதையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே முடியும்.

அப்புறம், பங்களாதேஷ்காரர்கள் வந்தால், வெளிநாட்டவர் தங்குவதைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் என்பார்கள்) 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நேரடியாக வந்தாலும் அது நம் பொறுப்பு.