குளிர்காலத்தில் டீ: சூடு நிற்கவும் சாறு இறங்கவும் என்ன செய்யலாம்? வீட்டிலேயே செய்யக்கூடிய தேயிலை வேலைகள் என்னென்ன?

பனிமூட்டம் கேட்டது:

குளிர் நாட்களில் அறை வெப்பம் 12 டிகிரி வரை இறங்குகிறது. 400 மி.லி. பிடிக்கும் பீங்கான் டீபாட், அதில் 8 கிராம் கறுப்புத் தேயிலை (முழு இலை), கொதித்த தண்ணீர், நான்கு நிமிடம். வெயில் காலத்தில் இதே அளவுக்கு நல்ல நிறமும் கனமும் கிடைக்கும். இப்போது சாறு வெளிறி வருகிறது, இரண்டாவது கோப்பை ஊற்றுவதற்குள் ஆறிவிடுகிறது. நேரத்தைக் கூட்டினால் மணம் ஏறவில்லை, துவர்ப்புதான் ஏறுகிறது.

இரண்டாவது, இஞ்சி போட்ட பால் டீ சில நாள் திரிந்துபோகிறது, சில நாள் நன்றாக வருகிறது. பால் ஒரே பால்தான். காரணம் என்ன?

மூன்றாவது, நீண்ட மாலைகளில் குடிப்பதோடு நிறுத்தாமல் தேயிலையை வைத்து வீட்டுக்குள் செய்து பார்க்கக்கூடியவை என்னென்ன? சுவை பார்ப்பது, மணம் ஏற்றுவது போன்றவை. தனிக் கருவிகள் இல்லாமல், அளவுகளோடு சொன்னால் நல்லது.

கொதிநிலை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தேயிலையில் குறை இல்லை. சூட்டை உங்கள் பானைதான் குடித்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டீபாட் 400 கிராம் எடை, 12 டிகிரியில் இருக்கிறது. 98 டிகிரித் தண்ணீர் 400 மி.லி. ஊற்றுகிறீர்கள். பீங்கானின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்போது 83 – 84 டிகிரிதான் மிஞ்சும். காற்றில் போகும் சூடு இதற்கு மேல். முழு இலைக் கறுப்புத் தேயிலைக்கு 95-ஐ ஒட்டிய சூடு வேண்டும். 83-ல் அதன் மணமும் நிறமும் முழுதாக இறங்காது. அதை ஈடுகட்ட ஏழெட்டு நிமிடம் விட்டால் துவர்ப்புப் பொருள்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்துவிடும், ஆவியாகும் மணமோ அதற்குள் பறந்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்.

அதே பானை முன்கூட்டியே 70 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் சாறு 93-ல் நிற்கும். பத்து டிகிரி வித்தியாசம். ஆனால் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவது போதாது. கொதிநீரைப் பாதிப் பானைக்கு மேல் ஊற்றி, மூடி போட்டு, ஒன்றரை நிமிடமாவது விடுங்கள். வெளிப்புறத்தைத் தொட்டால் கை பொறுக்காத அளவுக்குச் சுட வேண்டும். பிறகு கொட்டிவிட்டு இலையைப் போட்டு மூடுங்கள். சூடான பானையில் உலர் இலை அரை நிமிடம் இருந்தால் எழும் மணத்தை முகர்ந்து பாருங்கள், அதுவே தனி இன்பம். இதற்குள் கெட்டிலில் மீதியிருந்த தண்ணீர் 90-க்குக் கீழே போயிருக்கும். அதை மறுபடி கொதிக்கவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

ஊறி முடிந்ததும் முழுவதையும் ஒரே தடவையில் வடித்து, சூடாக்கிய இன்னொரு பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். இலையோடு விட்டால் இரண்டாவது கோப்பை கடுத்துவிடும். வடித்த பாத்திரத்துக்குத்தான் துணி உறை. அடர்ந்த கம்பளியோ பஞ்சு வைத்துத் தைத்த துணியோ விரலளவு தடிமன் இருக்கட்டும், மூக்கும் உள்ளே அடங்கட்டும். மெழுகுவர்த்தித் தாங்கி வைத்தால் சூடு நிற்கும், ஆனால் அரை மணிக்கு மேல் போனால் மணம் போய்ச் சமைத்த வாடை வரும். கோப்பைகளையும் வெந்நீரில் ஒருமுறை நனைத்து எடுங்கள். அகன்ற வாய்க் கோப்பை சீக்கிரம் ஆறும், குறுகி உயர்ந்தது தாங்கும்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் கவனிக்க: ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பானையைச் சூடாக்காமல் கறுப்புத் தேயிலை ஊற வைப்பதில் பயனே இல்லை.

ஆறிய டீ கலங்கினால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். சூடு குறையும்போது தேயிலையின் பாலிஃபீனால்களும் கஃபீனும் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்துகளாகப் பிரிவதுதான் அந்தக் கலங்கல். கொஞ்சம் கொதிநீர் விட்டால் தெளியும். நல்ல சாறுள்ள தேயிலைதான் அப்படிக் கலங்கும். மேலே எண்ணெய் போல மினுங்கும் ஏடு வேறு விஷயம். அது கடினநீரில் உள்ள கால்சியத்தால் வருவது. வேறு தண்ணீர் எடுங்கள், அல்லது பால் சேர்க்காத டீயானால் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

இஞ்சித்தட்டல் எழுதியது:

பால் திரியுறதுக்குக் காரணம் இஞ்சிதாங்க, பால் இல்ல. பச்சை இஞ்சியில புரதத்தை வெட்டுற ஒரு நொதி இருக்கு, ஜிஞ்சிபெய்ன்னு பேரு. 60 – 70 டிகிரியில அது ரொம்ப வேகமா வேலை செய்யும். வெதுவெதுப்பான பால்ல இஞ்சியைத் தட்டிப் போட்டு மெதுவா சூடாக்கினா, அந்தச் சூட்டைக் கடக்கிற நேரத்துலயே பால் உறைஞ்சிடும். தண்ணியில நல்லாக் கொதிச்சா நொதி செத்துடும், அப்புறம் எவ்வளவு பால் ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது. நல்லா வர்ற நாள்ல இஞ்சி முதல்ல தண்ணியில கொதிச்சிருக்கும், திரியுற நாள்ல பாலோட சேர்ந்து உள்ள போயிருக்கும். இஞ்சி எவ்வளவு புதுசோ அவ்வளவு நொதி, அதனால புது இஞ்சின்னா இன்னும் கவனம்.

ரெண்டு பேருக்கு அளவு: தண்ணி 220 மி.லி., இஞ்சி 8 – 10 கிராம் (கட்டைவிரல் மேல்கணு அளவு). தோலைச் சுரண்டி நல்லா நசுக்குங்க, வில்லையா நறுக்கினா சாறு பாதிகூட இறங்காது. பட்டை, கிராம்பு போடுறதா இருந்தா இப்பவே. ஒரு கிராம்பு போதும், ரெண்டு போட்டா மருந்து வாடை அடிக்கும். மிளகு நாலு, ஒண்ணும் பாதியுமா உடைச்சு. எல்லாம் அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். அப்புறம் குருணைத் தூள் 5 கிராம், அதாவது ரெண்டு டீஸ்பூன், ஒன்றரை நிமிஷம். தனியா காய்ச்சின சூடான பால் 120 மி.லி. ஊத்துங்க. குளிர்ந்த பாலை ஊத்தினா மறுபடி கொதி வர நேரமாகும், அந்த நேரமெல்லாம் தூள் ஊறிக் கடுத்துடும். ஒரு பொங்கு வந்ததும் அடக்கி, இன்னொரு பொங்கு, நிறுத்திடுங்க. ஏலக்காய் ரெண்டு தட்டி அடுப்பை அணைச்ச பிறகு போட்டு ஒரு நிமிஷம் மூடி வைங்க. அதோட மணம் சீக்கிரம் ஆவியாகிடும், முதல்லயே போட்டா காற்றுக்குத்தான் போகும்.

இதுக்கு மேலயும் திரிஞ்சா பால் புளிப்பேறத் தொடங்கியிருக்குன்னு அர்த்தம். தனியா ஒரு கரண்டி பாலைக் கொதிக்க வெச்சா தெரிஞ்சிடும்.

ஃபிளாஸ்க் பத்தியும் சொல்லிடறேன். பால் சேர்த்த டீயை அதுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. மணமும் போகும், சூடு 60-க்குக் கீழ வந்தா கிருமி வளரவும் இடம். நாள் முழுக்க வேணும்னா வடிச்ச டிகாஷனை மட்டும் ஊத்தி வெச்சுட்டு, பாலைக் குடிக்கும்போது சூடாக்கிச் சேருங்க. ஃபிளாஸ்கையும் கொதிநீர் ஊத்தி அஞ்சு நிமிஷம் சூடாக்கணும், இல்லன்னா பானைக்கு நடந்த அதே கதைதான். பழைய வாடை பிடிச்சிருந்தா ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடாவும் வெந்நீரும் விட்டு, மூடாம, ஒரு மணி நேரம் வெச்சுக் கழுவுங்க.

மூன்றுகிண்ணம் எழுதியது:

சுவை பார்ப்பதற்குச் சர்வதேச முறையே இருக்கிறது, ஐஎஸ்ஓ 3103. முதலில் 1980-ல் வந்தது. 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம், மூடிய வெள்ளைப் பீங்கான் பாத்திரம். குடிக்க இனிமையான டீ தயாரிப்பது அதன் நோக்கம் அல்ல. எல்லா இலைக்கும் ஒரே நிபந்தனை கொடுத்தால் குறையும் நிறையும் வெளியே தெரியும் என்பதுதான்.

வீட்டில் ஒரே அளவுள்ள மூன்று வெள்ளைக் கோப்பைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் 3 கிராம் இலை, 150 மி.லி. கொதிநீர், மேலே சாஸரைக் கவிழ்த்து மூடுங்கள். தராசு 0.1 கிராம் வரை காட்ட வேண்டும், ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது. முழு இலை ஒரு ஸ்பூனில் ஒன்றரை கிராம்தான் நிற்கும், தூள் இரண்டரை நிற்கும். கோப்பைகளுக்கு இடையே 20 விநாடி இடைவெளி விட்டு ஊற்றுங்கள், வடிக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. குளிரில் கோப்பைகள் எல்லாம் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்தால் அந்தத் தேயிலை மட்டமானது என்று தவறாகத் தீர்ப்பெழுதிவிடுவீர்கள்.

உலர் இலை, ஊறிய இலை, சாறு, மூன்றையும் பாருங்கள். ஊறிய இலையைச் சூடாக இருக்கும்போதே முகர வேண்டும், மணம் அதில்தான் அதிகம். சாறு 55 டிகிரிக்கு வரும்வரை பொறுங்கள், அதற்கு மேல் நாக்கு வித்தியாசம் சொல்லாது. ஒரு ஸ்பூன் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சுங்கள், காற்றோடு கலந்து மூக்கின் பின்புறம் போனால்தான் மணம் பிடிபடும். முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஒரு வாய். புகை வாடை, பழைய வாடை, அதிகமாக வறுபட்ட வாடை எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். துவர்ப்பையும் கசப்பையும் பிரித்து எழுதிப் பழகுங்கள். கசப்பு நாக்கின் சுவை, துவர்ப்பு வாயின் உள்தோல் உலர்ந்து இழுப்பது போன்ற தொடு உணர்வு.

நான்கைந்து பேர் கூடினால் மூன்றில் இரண்டு கோப்பைகளில் ஒரே தேயிலையையும் ஒன்றில் வேறொன்றையும் ஊற்றி, அடியில் குறியிட்டு, வேறாக இருப்பது எது என்று கேளுங்கள். இரண்டும் நெருங்கிய வகையாக இருந்தால் எவ்வளவு கடினம் என்று அப்போது தெரியும். எனக்கு இதைவிடப் பிடித்தது ஒரே இலையை வைத்துச் செய்யும் சோதனை. ஒன்று 80 டிகிரி, ஒன்று 90, ஒன்று கொதிநீர். பச்சைத் தேயிலையில் செய்தால் கொதிநீர்க் கோப்பை ஏன் கசக்கிறது என்று யாரும் விளக்கவே வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் நான்கு பங்கு கொதிநீரில் ஒரு பங்கு 15 டிகிரித் தண்ணீர் கலந்தால் 83 வரும், பாத்திரம் சற்று இழுத்தால் 80. ஆற்றி ஆற்றிச் சூட்டைக் குறைக்கும் கணக்கு குளிரில் பொய்க்கும், பாத்திரம் எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல முடியாது.

பூவும்இலையும் எழுதியது:

மணமேற்றுவது பற்றி. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அந்தக் குணத்தை நமக்காகப் பயன்படுத்துவதுதான் இந்த வேலை. மல்லிகைக்கு அடிப்படையாகப் பச்சைத் தேயிலை. மாலையில் விரியப்போகும் மொட்டாக இருக்கட்டும், மணம் விரியும்போதுதான் வெளிவரும். 50 கிராம் இலைக்கு 25 – 30 கிராம் மொட்டு, அடுக்கடுக்காகப் போட்டு மெல்லிய துணியால் மூடுங்கள். நள்ளிரவுக்கு முன் ஒருமுறை கிளறிவிட வேண்டும், பூக்குவியல் தானாகவே சூடேறி ஈரம் கோத்துவிடும். காலையில் பூவை ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். இலை இப்போது ஈரம் ஏறியிருக்கும். 70 டிகிரி அவனில் கதவைச் சற்றுத் திறந்துவைத்து 20 நிமிடம், அல்லது மிகக் குறைந்த தணலில் அகலமான சட்டியில், விரலால் நொறுக்கினால் பொடியாகும் வரை உலர்த்துங்கள். மூன்று இரவு புதுப் பூவோடு திரும்பச் செய்தால்தான் கோப்பையில் நிற்கும். பூவை அழகுக்காக உள்ளேயே விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். மருந்தடித்த பூவைத் தொடவே கூடாது. அலங்காரத்துக்கு விற்பவை பெரும்பாலும் அப்படித்தான்.

பூ கிடைக்காத மாதங்களில் ஆரஞ்சுத் தோல். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியைச் சீவிவிட்டு, வளைத்தால் முறியும் வரை உலர்த்தி, கறுப்புத் தேயிலை 50 கிராமுக்கு 5 கிராம் வீதம் இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம். அரைகுறையாக உலர்ந்தால் டப்பா முழுவதும் வீண்.

வடித்த இலையைக் கொண்டு துணிக்கும் காகிதத்துக்கும் சாயம் ஏற்றலாம். ஊறிய இலை நிறம் குறைவு என்பதால் இரண்டு மூன்று பானையின் சக்கையைச் சேர்த்து அரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி ஈரமாகவே உள்ளே போகட்டும், உலர் துணி திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கிடைப்பது இளம்பழுப்பு. துருப்பிடித்த ஆணியை வினிகரில் சில நாள் ஊறவைத்த நீரைச் சில துளி சேர்த்தால் தேயிலையின் டானினும் இரும்பும் சேர்ந்து சாம்பல், கருநீலச் சாயல் வரும். இரும்பு கூடினால் துணி நைந்துபோகும், சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யக்கூடாது. சக்கையைச் சேர்த்துவைக்க வேண்டுமானால் பரப்பி உலர்த்துங்கள். ஈரமாக ஒரு நாள் கிடந்தாலே பூஞ்சைதான்.

பனிமூட்டம் கேட்டது:

மிக்க நன்றி. பானையை ஒன்றரை நிமிடம் சூடாக்கியதிலேயே நிறம் மாறிவிட்டது. இன்னும் இரண்டு: மாலைச் சுவை பார்த்தலில் தூக்கம் கெடாமல் இருக்க வழி என்ன? குளிருக்காகக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதில் தீங்கு உண்டா?

கொதிநிலை எழுதியது:

உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் சேர்த்தது. உணவுக்குழாய்தான் கவலை. காரணம் சூடு, தேயிலை அல்ல. ஊறுவதற்கு 95, குடிப்பதற்கு 60, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தூக்கத்துக்கு: பெரியவர்கள் உடலில் கஃபீன் பாதியாகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். அதனால் சுவை பார்த்தலை மதியத்துக்கு மாற்றுங்கள், மாலையானால் உறிஞ்சித் துப்பிவிடுங்கள், தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே. முதல் அரை நிமிடச் சாற்றைக் கொட்டினால் கஃபீன் போய்விடும் என்று சொல்வார்கள். போவது சிறு பகுதிதான், நல்ல மணமும் கூடவே போய்விடும். இரும்புச்சத்து குறைந்தவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி விடவும்.

பூவும்இலையும் எழுதியது:

ஒன்று விட்டுப்போயிற்று. மணமேற்றிய இலையைக் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து, நீராவி நிறைந்த சமையலறையில் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த டப்பாவின் உள்ளே காற்றின் ஈரம் படிந்து இலை நமுத்துவிடும். மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டு, டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு பெரியதை மூடிவிடுங்கள். மல்லிகையையும் ஆரஞ்சையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைக்க வேண்டாம், மூடி சற்று தளர்ந்தாலும் ஒன்றின் வாடை மற்றதில் ஏறிவிடும்.