சொந்தமாக எழுதினேன், ஐந்துக்கு இரண்டு

கல்லிடைக்காரி:
கல்லிடைக்குறிச்சியில் பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறேன். அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் பி.ஏ. ஆங்கிலம் சேர ஆசை. வீட்டில் பி.காம். என்கிறார்கள், அது தனிக் கதை.

காலாண்டு ஆங்கிலத் தேர்வில், பாடத்தில் உள்ள தோரு தத் என்ற பெண் கவிஞரின் சவுக்கு மரக் கவிதையில் இருந்து ஐந்து மார்க் பத்தி கேட்டிருந்தார்கள். போர்டில் எழுதிப்போட்ட நோட்ஸை நான் எழுதவில்லை. போன லீவில் உவரிக்குப் போனபோது ஒரு சவுக்குத் தோப்பு வழியாக நடந்தோம். அலைச் சத்தம் கேட்டு, கடல் வந்துவிட்டது என்று தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பார்த்தால் கடலையே காணோம், மரம்தான் இரைந்துகொண்டிருந்தது. இதை எழுதிவிட்டு, கவிதை மரத்தைப் பற்றியது இல்லை, அதன் கீழே கவிஞரோடு விளையாடி, பிறகு இறந்துபோன அவர் அண்ணனையும் அக்காவையும் பற்றியது என்று முடித்தேன். ஐந்துக்கு இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் ‘கதை எழுதாதே’.

இலக்கியம் என்றால் நோட்ஸை ஒப்பிப்பதுதானா? கல்லூரியிலும் இப்படித்தான் இருக்குமா?

பழைய வாத்தியார்:
தாயி, பிளஸ் டூ ஆங்கிலத் தாளை மூட்டை மூட்டையாகத் திருத்தியவன் நான். எங்கள் காலத்தில் இரண்டு தாள், 200 மார்க். இப்போது ஒரே தாள், எழுத்துக்கு 90, அகமதிப்பீடு 10. எதுவானாலும் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். மரத்தை மலைப்பாம்பு மாதிரிச் சுற்றிய கொடி எங்கே, உச்சியில் உட்கார்ந்த குரங்கு எங்கே என்று அவர் தேடியிருப்பார். நீ இரண்டையும் விட்டுவிட்டாய் போல. அதற்கு மார்க் போனது சரிதான். ஆனால் அந்தச் சிவப்பு மை தேவையில்லாதது.

ஏனென்றால் கவிதையிலேயே நீ சொன்னது தலைகீழாக இருக்கிறது, போய்ப் பார். ஃபிரான்சிலோ இத்தாலியிலோ கரையில் அலை முனகுவதைக் கேட்கும்போது, ஊரில் விட்டு வந்த மரம் கண்முன் எழுகிறது என்கிறாள் தோரு தத். அவளுக்குக் கடலில் மரம், உனக்கு மரத்தில் கடல். 1856இல் கல்கத்தாவில் பிறந்து 1877இல், இருபத்தொரு வயதில் போய்விட்ட பெண். நீ எழுதியதைப் படித்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

பரீட்சையில் கொடி, குரங்கு எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிடு. ஐந்தாவது வரியில் உவரிக்குப் போ.

முறப்பநாடு:
பி.ஏ. இங்கிலீஷ் படித்த எங்கள் மச்சான் செல்போன் கடையில் இருக்கிறான். பி.காம். போம்மா.

பாளை மூன்றாம் வருஷம்:
அண்ணாச்சி, பி.காம். படித்த எங்கள் அத்தானும் செல்போன் கடையில்தான் இருக்கிறார்.

தங்கச்சி, இங்கேயும் நோட்ஸ் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ‘நீ என்ன நினைக்கிற?’ என்று கேட்கிற ஒன்றிரண்டு பேராவது இருக்கிறார்கள். நான் பிளஸ் டூ முடிக்கும்வரை ஒரு கவிதையைக்கூட வாய்விட்டுப் படித்ததில்லை. டென்னிசனின் ‘யுலிஸிஸ்’ கவிதையைக் கல்லூரியில் ஒருவர் சத்தமாக வாசித்தபோதுதான், அது ஒரு கிழவன் நம்மிடம் பேசுகிற பேச்சு என்றே தெரிந்தது.

உனக்கு ஒரு வேலை. உன் பாடத்தில் ‘தி சேர்’ இருக்கிறதல்லவா, அது நம் இடைசெவல் கி. ராஜநாராயணன் தமிழில் எழுதிய ‘நாற்காலி’ கதை. மாவட்ட மைய நூலகத்தில் அவர் தொகுப்பை வாங்கித் தமிழில் ஒரு தடவை படி, பிறகு பாடத்தைப் படி. மாமா, சித்தப்பா, பெரியப்பா மூன்று பேருக்கும் இங்கிலீஷில் அங்கிள் என்ற ஒரே சொல்தான். அதனால் கதையில் என்ன போயிற்று என்று ஒரு பக்கம் எழுதிப் பார்.

கல்லிடைக்காரி:
வாத்தியார் சார், கவிதையைத் திரும்பப் பார்த்தேன். அந்த இடத்தை எங்களுக்கு நோட்ஸில் ஒரே வரியில் தாண்டிவிட்டார்கள். கொடியும் குரங்கும் அரையாண்டில் கட்டாயம் வரும்.

அக்கா, ‘நாற்காலி’ கிடைத்தது. அப்பளத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்த ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்த சப்-ஜட்ஜ் முக்காலியோடு உருண்டு விழுந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் கை நின்றுவிட்டது. ஆசையாகச் செய்த நாற்காலியை ஊரார் செத்தவர்களை உட்காரவைக்கக் கேட்டுவந்த இடத்தில் சிரிப்பு போய்விட்டது. தாத்தாவையும் அப்படித்தான் உட்காரவைத்தோம் என்றாள். எந்த நாற்காலி ஆச்சி என்றேன்.

இதை எழுதும்போது நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிதானாம்.